கல் காய்ந்த பிறகு: இணையப் பந்தயக் காரின் செட்டப் எப்படி இயங்குகிறது?

லீக்கில் வென்றவர் தன் செட்டப் ஃபைலை டிஸ்கார்டு குழுவில் போட்டுவிடுகிறார். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்கிறார்கள். அதே கார், அதே தடம், எண்களும் அச்சு அசலாக அவையே. அவரிடம் சொன்ன பேச்சு கேட்ட கார், இன்னொருவர் கைக்கு வந்ததும் மூன்றாவது வளைவிலேயே பின்பக்கத்தை வீசிக்கொண்டு தடுப்பில் போய் மோதுகிறது. 'ஃபைலில் எதையோ மறைத்துவிட்டார்' என்று முணுமுணுப்பு கிளம்புகிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டில் தோசை மொறுமொறுவென்று வருகிறதே என்று அவர்கள் மாவை ஒரு கிண்ணம் வாங்கிவந்து ஊற்றினால், நம் வீட்டிலும் அப்படியே வந்துவிடுமா? மாவு மட்டும்தான் அவர்களுடையது. கல், அடுப்பு, கரண்டியைச் சுழற்றுகிற கை எல்லாம் நம்முடையவை.

செட்டப் என்பது காரின் இயந்திரப் பாகங்களை எப்படித் திருகி வைத்திருக்கிறோம் என்பதன் பட்டியல், அவ்வளவுதான். டயரில் எவ்வளவு காற்று, சக்கரம் எவ்வளவு சாய்வு, ஸ்பிரிங் எவ்வளவு கடினம், பின்னால் இருக்கும் விங் எந்தக் கோணம், பிரேக் முன்னால் எத்தனை சதவீதம் என்று நாற்பது ஐம்பது எண்கள். அவற்றைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் புரியாது. ஆகவே ஒரு விளையாட்டையும் ஒரு தடத்தையும் எடுத்துக்கொள்வோம். விளையாட்டு, இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2019இல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே. முதன்மையாக ஜிடி3 என்ற பந்தயக் கார் வகைக்காகச் செய்யப்பட்டது. இன்றும் பல லீக்குகள் இதில்தான் ஓடுகின்றன. தடம், பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம்ப். அஜித் குமாரின் பந்தயச் செய்திகளைத் தொடர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். ஏழு கிலோமீட்டர் நீளம். உச்சிக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய நூறு மீட்டர் உயர வித்தியாசம். நல்ல ஓட்டுநர் ஜிடி3 காரில் ஒரு சுற்றை இரண்டேகால் நிமிடத்தை ஒட்டி முடிப்பார். லீக் பந்தயம் ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 26 சுற்று.

இந்த 26 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டப்பில் நடக்கும் தவறுகளில் பாதி, ஒரே ஒரு சுற்றுக்காகக் காரைத் தயார் செய்வதால் வருபவை.

கல்லின் சூடு

கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பு. என்ஜின், விங், பிரேக் எது என்ன செய்தாலும் அது இந்த நான்கு பரப்புகள் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே செட்டப் திரையில் முதல் பக்கத்தில் டயர் இருப்பது தற்செயல் அல்ல. அந்தப் பக்கத்தை முடிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறவர், அடுப்பைப் பற்றவைக்காமலே மாவைக் குறை சொல்கிறவர்.

தோசைக்கல் காயாமல் ஊற்றினால் மாவு கல்லோடு ஒட்டிக்கொள்ளும், திருப்பினால் பிய்ந்துவரும். அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் கரண்டியைச் சுழற்றுவதற்குள் மாவு திரண்டு கட்டிப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடி மறைகிற சூடு. டயர் ரப்பருக்கும் அப்படி ஒரு நடுச்சூடு உண்டு. ஜிடி3 டயர் ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி வரையிலான எல்லைக்குள், அதிலும் நடுப்பகுதியில் இருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். கீழே போனால் ரப்பர் விறைத்து வழுக்கும். மேலே போனால் இளகி வழுக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும்.

முதல் தோசை சரியாக வராது என்பது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி. அதை வைத்து மாவு சரியில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் கார் நிற்கும் பிட்டிலிருந்து வெளியே வந்து ஓட்டும் முதல் இரண்டு சுற்றுகளும் அப்படித்தான். அந்தச் சுற்றுகளில் கார் வழுக்கியது என்பதற்காகச் செட்டப்பைத் திருத்தப் போகக் கூடாது. ஐந்தாறு சுற்று ஒரே சீராக ஓட்டி, டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறி ஒரு நிலையில் நின்ற பிறகு தெரியும் எண்தான் எண்.

அந்த எண் எவ்வளவாக இருக்க வேண்டும்? 2023இல் வந்த 1.9 பதிப்புக்குப் பிறகு, காய்ந்த தடத்துக்கான ஜிடி3 டயருக்கு 26 முதல் 27 பிஎஸ்ஐ. அதற்கு முன்னால் அது 27.5ஐ ஒட்டி இருந்தது. யூடியூபில் கிடைக்கும் பழைய விளக்கங்கள் இன்னும் அந்தப் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு முன் வெளியான தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த எல்லையின் நடுவில் உள்ள 26.5 என்பது ஓடும்போது, சூடான டயரில் இருக்க வேண்டிய அழுத்தம். செட்டப் திரையில் நாம் பதிவது கிளம்பும்போது உள்ள அழுத்தம். நடுவில் சூடு ஏறுகிறது. சூட்டோடு அழுத்தமும் ஏறுகிறது.

எவ்வளவு ஏறும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த கே-லூசாக் விதியை வைத்தே கணக்கிடலாம். டயர் காட்டும் 26.5 பிஎஸ்ஐயோடு வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டினால் உண்மையான அழுத்தம் 41.2. உள்ளே காற்று 85 டிகிரி என்றால் கெல்வினில் 358. முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு டிகிரி மாற்றத்துக்கு 0.1 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் வருகிறது. இணையப் பந்தயக்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்லும் 'ஒரு டிகிரிக்கு 0.1' என்பதன் வேர் இதுதான். பயிற்சியில் 22 டிகிரி வெயில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பந்தய சர்வரில் 28 டிகிரி இருந்தால் நான்கு டயரும் அரை பிஎஸ்ஐக்கு மேல் கூடுதலாக ஏறியிருக்கும். சித்திரையில் மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி வழிவதும் மார்கழியில் விடிந்தும் அப்படியே கிடப்பதும் மாவின் குற்றமா? லீக் நடத்துபவர்கள் வெப்பநிலையை முன்கூட்டியே அறிவிப்பது ஒப்புக்காக அல்ல. அந்த எண்ணைப் பயிற்சியில் அப்படியே வைத்து ஓட்டாதவர் செய்வது பயிற்சியே அல்ல என்பேன்.

ஒரு எடுத்துக்காட்டு. பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 கார், விளையாட்டே தரும் 'அக்ரெஸிவ்' செட்டப், ஆறு சுற்று ஓட்டியாயிற்று. இடது முன் 27.6, வலது முன் 26.9, இடது பின் 27.3, வலது பின் 26.6 என்று எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஏன் அதிகம்? ஸ்பா கடிகார முள் திசையில் ஓடும் தடம். வலது பக்கம் திரும்பும்போது காரின் எடை இடது டயர்கள்மேல் சாய்கிறது. அவை கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சூடாகின்றன. எல்லாம் 26.5க்கு வர வேண்டுமென்றால் இடது முன்னில் 1.1, வலது முன்னில் 0.4, இடது பின்னில் 0.8, வலது பின்னில் 0.1 குறைக்க வேண்டும். நான்கு டயரிலும் ஒரே எண்ணை வைத்துக் கிளம்பினால் ஓடும்போது நான்கும் நான்கு விதமாக நிற்கும். ஓடும்போது சமமாக நிற்க வேண்டுமென்றால் கிளம்பும்போது சமமில்லாமல் இருக்க வேண்டும்.

தோசையின் நிறம் சொல்வது

அனுபவசாலிகள் அடுப்பைப் பார்ப்பதில்லை. திருப்பிப் போட்ட தோசையைப் பார்ப்பார்கள். நடுவில் மட்டும் செவந்து ஓரம் வெளுத்திருந்தால் தீ நடுவில் மட்டும் எரிகிறது. ஒரு பக்க ஓரம் கருகினால் கல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. டயரையும் இப்படியே படிக்கலாம். செட்டப் திரை ஒவ்வொரு டயரின் வெப்பத்தையும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. காற்று அதிகமானால் டயர் நடுவில் உப்பிக்கொண்டு நடுப்பகுதி மட்டும் சாலையைத் தேய்க்கும், நடு சூடாகும். காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் பாரத்தைச் சுமக்கும்.

உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்மானிப்பது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. ஜிடி3 கார்களின் முன்சக்கரத்தின் தலைப்பகுதி மூன்று நான்கு டிகிரி வரை உட்புறமாகச் சாய்ந்திருப்பது சகஜம். நின்ற காரில் பார்த்தால் டயரின் உள் ஓரத்தில்தான் பாரம் விழுந்திருக்கும். ஆனால் கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்க டயர் நிமிர்ந்து, அகலம் முழுவதும் சாலையில் படியும். ஸ்பாவின் நடுப்பகுதியில் மலைச்சரிவில் இறங்கும் புயோன் என்ற இரட்டை இடது வளைவில் இந்தச் சாய்வு தன் வேலையைக் காட்டும். அதற்கு விலை, நேர்ச்சாலையிலும் பிரேக் போடும்போதும் தொடும் பரப்பு குறைவது. உள் ஓரம் வெளி ஓரத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டும் சமமாக இருந்தால்தான் சாய்வு போதவில்லை என்று அர்த்தம்.

பிரேக்கின் வெப்பமும் இதில் கலக்கிறது. பிரேக் வட்டுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயை, லீக்கில் சொல்வதுபோல 'டக்ட்'டை, ஒரு படி அகலத் திறந்தால் பிரேக் குளிரும். பிரேக் குளிர்ந்தால் சக்கர வளையம் குளிரும். டயருக்குள் காற்றும் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். காற்றை எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு டக்டைத் தொட்டால் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். டக்ட் முதலில், காற்று அப்புறம்.

முன்னா, பின்னா?

இனி கையாள்கை. ஓட்டுநர்களின் புலம்பல் இரண்டே வகை. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் நேரே போகிறது என்பது அண்டர்ஸ்டியர். முன் டயர்கள் பின் டயர்களுக்கு முன்பாகப் பிடியை இழக்கின்றன. பின்பக்கம் முந்திக்கொண்டு சுற்றப் பார்க்கிறது என்பது ஓவர்ஸ்டியர். அங்கே பின் டயர்கள் முதலில் தோற்கின்றன. செட்டப்பில் மிச்சமுள்ள எண்களில் பெரும்பாலானவை முன் டயர்கள், பின் டயர்கள் என்ற இந்த இரண்டு ஜோடிகளுக்கும் இடையே பாரத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதைப் பற்றியவை.

இந்த இடத்தில் தோசையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிடலாம். எடைக் கணக்குக்கு அது உதவாது. டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் பாரம் கூடக் கூடப் பிடியும் கூடும். ஆனால் பாரம் கூடும் அளவுக்குக் கூடாது. கணக்குக்காகச் சில எண்கள் வைத்துக்கொள்வோம். 100 கிலோ பாரத்தில் டயர் 170 கிலோ அளவுக்குப் பிடிக்கிறது, 300 கிலோ பாரத்தில் 480, 500 கிலோ பாரத்தில் 750. நேராகப் போகும்போது முன் டயர் இரண்டிலும் தலா 300. மொத்தப் பிடி 960. வளைவில் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒன்றில் 500, மற்றதில் 100 என்றாகிறது. பாரத்தின் கூட்டுத்தொகை அதே 600தான். பிடியோ 750ம் 170ம் சேர்ந்து 920. எங்கேயோ 40 கிலோ பிடி காணாமல் போய்விட்டது.

வளைவில் மொத்தமாக எவ்வளவு எடை சாயும் என்பது காரின் எடை, அதன் ஈர்ப்புமையத்தின் உயரம், சக்கரங்களுக்கிடையேயான அகலம், வளைவின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. செட்டப்பால் அதை அதிகம் மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சாய்வில் எவ்வளவை முன் ஜோடி ஏற்பது, எவ்வளவைப் பின் ஜோடி ஏற்பது என்பதை மாற்றலாம். ஆன்டி-ரோல் பார் என்னும் கம்பி செய்வது அதைத்தான். முன் கம்பியைக் கடினமாக்கினால் முன் ஜோடி சாய்வின் பெரும்பங்கை ஏற்கும். மேலே சொன்ன இழப்பு முன்னால் கூடும். கார் அண்டர்ஸ்டியர் பக்கம் நகரும். பின் கம்பியை இளக்கினாலும் அதே திசைதான். ஸ்பிரிங்கும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது பள்ளம் மேட்டில் காரின் துள்ளலையும் சேர்த்து மாற்றிவிடும். கம்பி அப்படி அதிகம் வம்பு செய்யாது. கையாள்கையைத் திருத்த முதலில் கம்பியைத் தொடச் சொல்வது இதனால்தான்.

கம்பியா, விங்கா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: எந்த வேகத்தில் கார் தகராறு செய்கிறது என்று பாருங்கள். விங்கும் முன்னால் உள்ள ஸ்ப்ளிட்டரும் காற்றைப் பயன்படுத்திக் காரைச் சாலையோடு அழுத்துகின்றன. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஸ்பாவின் முதல் வளைவான லா சூர்ஸ் கொண்டை ஊசி வளைவு. காரின் வேகம் 75 கிலோமீட்டரை ஒட்டி இறங்கும். கடைசிப் பகுதியில் உள்ள பிளாஞ்ச்மோன் வளைவில் 240க்கு மேல் போகும். மூன்று மடங்குக்கு மேல் வேகம் என்றால் காற்றின் அழுத்தம் பத்து மடங்கு. எனவே லா சூர்ஸில் கார் திரும்ப மறுத்தால் விங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே விங் கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி, ஸ்பிரிங், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் பக்கம் போக வேண்டும். லா சூர்ஸில் சரியாக இருந்து, புயோனிலும் பிளாஞ்ச்மோனிலும் மட்டும் வெளியே தள்ளினால் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். பின் விங்கை ஒரு படி இறக்கலாம். அல்லது பின்பக்க உயரத்தை ஓரிரு மில்லிமீட்டர் கூட்டி மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்க்கலாம்.

உயரத்தைத் தொடும்போது மட்டும் கவனம் வேண்டும். லா சூர்ஸ் முடிந்ததும் சாலை சரேலென இறங்கி, ஓ ரூஜ் பள்ளத்தில் அமுங்கி, ராடியோன் மேட்டில் ஏறுகிறது. அந்தப் பள்ளத்தில் கார் முழுவதும் கீழே அழுந்தும். முன்பக்கம் மிகத் தாழ்வாக இருந்தால் அடிப்பாகம் தரையில் தட்டி, ஒரு கணம் முன் டயர்கள்மேல் இருக்க வேண்டிய பாரம் அடித்தட்டின்மேல் போய்விடும். சரியாகத் திரும்ப வேண்டிய அந்த நொடியில் கார் திரும்பாது. அடுத்த நொடியில் பிடி சட்டென்று திரும்பி வரும்; ஸ்டீயரிங் அதற்குள் அதிகமாகத் திருப்பப்பட்டிருக்கும்; பின்பக்கம் வீசும். முதல் பத்தியில் தடுப்பில் மோதியவருக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான். வென்றவர் அந்தப் பள்ளத்தில் காலைத் துளி எடுத்துக் காரை நிமிர்த்திவிடுகிறார். அது ஃபைலில் எழுதப்படாத எண்.

விங்கின் அளவைப் பற்றி நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. ராடியோனுக்குப் பிறகு கெம்மல் என்னும் நீண்ட நேர்ச்சாலை. அதன் முடிவில் லெ கோம்ப் வளைவில்தான் முந்துதல் நடக்கும். விங்கைக் குறைத்தால் அங்கே ஓடலாம். ஆனால் நடுப்பகுதி வளைவுகள் முழுவதும் கார் மிதக்கும், வழுக்கும் டயர் சூடாகித் தேயும். முன்வரிசைக்காரர்களுக்கு விங் குறைப்பு லாபம். நடுவரிசையில் ஓடுகிறவர்கள் இரண்டு படி கூடுதலாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் கட்சி. நேர்ச்சாலையில் இழக்கும் ஒரு மீட்டரை முன்னால் போகும் காரின் காற்று நிழலே பாதி ஈடுகட்டிவிடும். புயோனில் சுற்றிவிட்டால் ஈடுகட்ட ஆள் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேக் பயஸ், அதாவது பிரேக் விசையின் முன்பின் பங்கீடு, பின்னால் போனால் வளைவுக்குள் நுழையும்போது கார் சுறுசுறுப்பாகத் திரும்பும், பின்பக்கம் வீசவும் செய்யும். முன்னால் போனால் அடக்கமாக நேரே போகும். ஓட்டிக்கொண்டே மாற்றலாம் என்பது இதன் பெரிய வசதி. டிராக்ஷன் கன்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் அப்படியே. எண் கூடினால் தலையீடு கூடும். டிஃபரன்ஷியல் ப்ரீலோட் கூடினால் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் நிதானமாக இருக்கும், திரும்புதல் மந்தமாகும். டேம்பர்களை முதல் ஒரு சீசன் முழுக்கத் தொடாமலே விட்டுவிடலாம். அவை சாலையின் மேடுபள்ளங்களில் ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கி விரிகிறது என்பதைக் கட்டுப்படுத்துபவை. டெலிமெட்ரி என்னும் ஓட்டப் பதிவுகளைப் படிக்கத் தெரியாமல் அவற்றைத் திருகுவது குருட்டு வேலை. படிக்க ஆசை இருந்தால், நிஜ பந்தய அணிகள் பயன்படுத்தும் மோட்டெக் மென்பொருளிலேயே திறந்து பார்க்கும்படி விளையாட்டு தன் ஓட்டப் பதிவுகளைத் தருகிறது.

ஒரு நேரத்தில் ஒன்று

தோசை ஒட்டுகிறது. மாவில் தண்ணீர் விட்டு, தீயைக் குறைத்து, கல்லில் வெங்காயமும் எண்ணெயும் தேய்த்து, மூன்றையும் ஒரே மூச்சில் செய்து அடுத்த தோசையை ஊற்றினால் அது நன்றாக வரலாம். எதனால் வந்தது என்பது மட்டும் தெரியாது. நாளைக்கு மறுபடி ஒட்டும்போது மறுபடி மூன்றையும் செய்ய வேண்டியதுதான். செட்டப்பில் இந்த மும்முனைத் தாக்குதல் தினசரி நடக்கிறது. விங்கில் இரண்டு, கம்பியில் இரண்டு, பயஸில் ஒன்று என்று ஒரே தடவையில் மாற்றிவிட்டு, நேரம் அரை விநாடி குறைந்ததும் கொண்டாடுவார்கள். அந்த அரை விநாடியில் பாதி, அதுவரை ஓட்டி ஓட்டித் தடம் பழகியதால் வந்ததாக இருக்கும்.

ஒரு எண்ணை மாற்றுங்கள். அதுவும் வித்தியாசம் கையில் தட்டுப்படும் அளவுக்கு, இரண்டு மூன்று படி. ஐந்து சுற்று ஓட்டுங்கள். வேகமான ஒரு சுற்றைப் பார்க்காமல், ஐந்து சுற்றுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். பிறகு பழைய எண்ணுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அலுப்பூட்டும் வேலை என்பது உண்மைதான். ஆனால் மாற்றத்தால் வந்த பலனையும் பழக்கத்தால் வந்த பலனையும் பிரித்துக் காட்ட வேறு வழி கிடையாது.

மாற்றியதை ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம்: 'ஸ்பா_26டிகிரி_விங்7_பின்பார்மைனஸ்1' என்பதுபோல. 'ஸ்பா_புதுசு', 'ஸ்பா_புதுசு2', 'ஸ்பா_கடைசி', 'ஸ்பா_நிஜமாகவே கடைசி' என்று வைத்தவர்கள் பந்தய இரவில் எதை ஏற்றுவது என்று தெரியாமல் விழிப்பதை லீக்தோறும் பார்க்கலாம்.

பேப்பர் ரோஸ்ட்டும் பந்தித் தோசையும்

ஓட்டலில் ஒரு பேப்பர் ரோஸ்ட் ஊற்றுவது வித்தை. அதே கல்லில், கூட்ட நேரத்தில், வரிசையாக இருபத்தாறு தோசை ஒரே நிறத்தில் எடுப்பது வேறு வித்தை. மாஸ்டர் ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் கல்லைத் துடைப்பது அதற்காகத்தான். கல்லின் சூடு அவர் சொன்ன இடத்திலேயே நிற்க வேண்டும். தகுதிச்சுற்று பேப்பர் ரோஸ்ட். பந்தயம் பந்தி.

தகுதிச்சுற்றுக்குக் கார் இலேசாக இருக்கும். மூன்று நான்கு சுற்றுக்குத்தான் பெட்ரோல். ஸ்பாவில் ஒரு சுற்றுக்கு நான்கு லிட்டர் பக்கம் செலவாகும் என்று வைத்தால், ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு நிரப்ப வேண்டியது நூறு லிட்டரைத் தாண்டும். நூறு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 75 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் ஆளைக் காரில் கூடவே ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குச் சமம் அது. கார் தாழ்ந்து உட்காரும், பிரேக் தூரம் நீளும், டயர் கூடுதலாகச் சூடாகும். பெட்ரோல் தீரத் தீர எல்லாம் எதிர்த் திசையில் நகரும். தகுதிச்சுற்று செட்டப்பையே பந்தயத்துக்கும் ஏற்றினால், பத்து சுற்றுக்குப் பிறகு பின் டயர்கள் கொதித்துப் போய் சுற்றின் கடைசியில் வரும் பஸ் ஸ்டாப் வளைவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பின்பக்கம் விலகும். பந்தய ஃபைல் என்று தனியாக ஒன்று வேண்டும். தகுதிச்சுற்று ஃபைலிலிருந்து அதற்கு மாற வேண்டியவை அதிகமில்லை: பின் விங் ஒரு படி கூட, பின் கம்பி ஒரு படி இளக்கம், டிராக்ஷன் கன்ட்ரோல் ஒன்று கூட, காற்று 0.2 அல்லது 0.3 குறைவு. அரை விநாடி மெதுவான கார்தான். ஆனால் இருபதாவது சுற்றிலும் இரண்டாவது சுற்றைப் போலவே ஓடும்.

முதல் சுற்றில் இருபது முப்பது கார்கள் லா சூர்ஸுக்குள் ஒரே நேரத்தில் நுழையும்போதும் இந்த அடக்கமான கார் உதவும். கையில் இருக்கும் ஸ்டீயரிங்கும் இதில் ஒரு விஷயம். மோட்டாரோடு நேரடியாக இணைந்த டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வைத்திருப்பவருக்குப் பின்பக்கம் விலகப்போகும் சேதி கைக்கு முன்கூட்டியே வந்துவிடும். லாஜிடெக் ஜி29 மாதிரியான பல்சக்கர ஸ்டீயரிங்கில் அந்தச் சேதி தாமதமாகவும் மங்கலாகவும் வரும். முன்னவருக்குத் தோதான துடிப்பான செட்டப் பின்னவரிடம் வந்தால் அது அவர் தப்பே இல்லாமல் அவரைச் சுற்றவைக்கும்.

மழை வந்தால் முழுக் கணக்கும் மாறும். ஈரத் தடத்துக்கான டயருக்கு 30 பிஎஸ்ஐ பக்கம் வேண்டும். கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் இளக வேண்டும். விங் ஏற வேண்டும். ஈர டயரைக் காயத் தொடங்கிய தடத்தில் ஓட்டினால் சில சுற்றுகளிலேயே கொதித்துப் போகும். மழை ஃபைலைப் பந்தயத்துக்கு முந்தைய இரவே எழுதி வைத்திருக்க வேண்டும். மேகம் கறுத்த பிறகு எழுத நேரமிருக்காது.

பிட் ஸ்டாப்பும் கணக்கில் வர வேண்டும். மாலையில் ஆரம்பிக்கும் பந்தயத்தில், முதல் பாதியில் 26 டிகிரியாக இருந்த காற்று இரண்டாம் பாதியில் 21க்கு இறங்கலாம். ஐந்து டிகிரிக்கு அரை பிஎஸ்ஐ. பிட்டில் மாட்டப்போகும் புது டயருக்கு முதல் பாதியில் வைத்த அழுத்தத்தையே விட்டுவைத்தால் அது 26க்கு மேலேயே ஏறாமல் நிற்கும். கூடவே காரின் எடையும் குறைந்திருக்கும் என்பதால் டயர் முன்புபோலச் சூடாகாது. ஆகவே பிட்டுக்குள் திரும்புவதற்கு ஒரு சுற்று முன்பே, கெம்மல் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நேராக இருக்கும் அந்தச் சில விநாடிகளில், பிட் பக்கத்தைத் திறந்து நான்கு டயரிலும் 0.5 கூட்டிவிட வேண்டும்.